டம்ளருக்குள் ஒரு படகு

ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். திரையில் எங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளர். முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீரின் மேல் ஒரு மீன்பிடிப் படகு!

அந்தப் படகு கடற்கரை மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. டம்ளர் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து, கிம்ப் என்ற மென்பொருளில் ஒன்று சேர்த்திருந்தாள். ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை.

"படகு மிதக்கவே இல்ல மாமா. வெட்டி ஒட்டின மாதிரியே இருக்கு. ஏன்?"

நல்ல கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால், கணினிக்குள் இருக்கும் படம் எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடுகளவு தண்ணீர் போதும்

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, செல்போனில் முழுக்க வெள்ளையாக இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, கடுகளவு சொட்டு ஒன்றைத் திரைமேல் வையுங்கள். மேடாக நிற்கும் அந்தச் சொட்டு ஒரு குட்டி லென்ஸ். அதன் வழியே உற்றுப் பார்த்தால், வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியான நிறங்கள் தெரியும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலிலும் இந்த மூன்று நிறத்திலும் ஒவ்வொரு குட்டி விளக்கு. விளக்கு அணைந்திருந்தால் 0. முழு வெளிச்சத்தில் எரிந்தால் 255. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் 0 என்றால் கருப்பு. சிவப்பும் பச்சையும் 255, நீலம் மட்டும் 0 என்றால் பளிச்சென்ற மஞ்சள்.

அதென்ன 255? ஒரு நிறத்தின் அளவைக் குறித்துவைக்கக் கணினி எட்டு சுவிட்சுகளைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு நிலை. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்று நிறத்துக்கும் சேர்த்து 256 × 256 × 256 = 1,67,77,216 நிறங்கள்!

ஒரு செல்போன் படம் 4,000 பிக்சல் அகலமும் 3,000 பிக்சல் உயரமும் இருந்தால், அதில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். ஆக, படகுப் படம் என்பது கணினிக்கு 3 கோடியே 60 லட்சம் எண்கள் கொண்ட ஒரு பெரிய அட்டவணை. அவ்வளவுதான்.

எண்ணாக மாறிய முதல் குழந்தை

படத்தை எண்ணாக்கலாம் என்பதை 1957இல் செய்து காட்டியவர் ரஸ்ஸல் கிர்ஷ். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றியவர். கணினி என்றாலே கணக்குப் போடும் இயந்திரம் என்றிருந்த காலம் அது. கணினியால் படத்தைப் பார்க்க முடிந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார்.

தன் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தைச் சுழலும் உருளை ஒன்றில் பொருத்தினார். படத்தின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சத்தைக் கருவி அளந்தது. வெளிச்சமான இடம் ஒரு குறி, இருட்டான இடம் இன்னொரு குறி. இப்படி ஒரு முறை அளந்தால் கருப்பும் வெள்ளையும்தான் கிடைக்கும். அதனால் 'எவ்வளவு வெளிச்சம் இருந்தால் வெள்ளை' என்ற எல்லையை மாற்றி மாற்றி அளந்து, முடிவுகளைச் சேர்த்துச் சாம்பல் நிறத்தையும் கொண்டுவந்தார்கள். அகலத்தில் 176 கட்டம், உயரத்தில் 176 கட்டம், மொத்தம் 30,976. இன்றைய செல்போன் படத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் நம் வீட்டு டம்ளர் படம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தக் குழந்தையின் முகம்தான்.

கணக்கு நோட்டில் ஒரு 'ட'

இப்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஐந்து என 25 கட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்து ஐந்து கட்டத்திலும், அடி வரிசை ஐந்து கட்டத்திலும் 0 எழுதுங்கள். மற்ற எல்லாவற்றிலும் 255. 0 உள்ள கட்டங்களைக் கருப்பாக்கினால் 'ட' தெரிகிறதா? இது உங்கள் முதல் டிஜிட்டல் படம். இனி இதை எடிட் செய்வோம். அசல் எண்களை அழிக்காமல், ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்தே தொடங்கி, விடையைப் புதிதாக வரைந்த 25 கட்டத்தில் எழுதுங்கள்.

நெகட்டிவ்: ஒவ்வொரு எண்ணையும் 255இலிருந்து கழியுங்கள். 0 இருந்த இடத்தில் 255, 255 இருந்த இடத்தில் 0. கருப்புப் பலகையில் வெள்ளை 'ட' வந்துவிட்டது.

மங்கலாக்குதல்: மேலிருந்து இரண்டாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். அதையும் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களையும் சேர்த்தால் ஒன்பது. அவற்றில் மூன்று 0, ஆறு 255. கூட்டினால் 1,530. ஒன்பதால் வகுத்தால் 170. புதிய கட்டங்களில் அதே இடத்தில் 255க்குப் பதிலாக 170 என்று எழுதுங்கள். வெள்ளை இப்போது இளஞ்சாம்பல் ஆகிவிட்டது. கோட்டிலிருந்து தள்ளி, நடுவில் இருக்கும் கட்டத்துக்கு இதே சராசரியைப் பாருங்கள்: 255தான் வரும். அதாவது கோட்டின் ஓரம் மட்டும் கரைகிறது. மென்பொருளில் 'ப்ளர்' என்று இருக்கும் கருவி செய்வது இந்தச் சராசரியைத்தான்.

ஓரம் கண்டுபிடித்தல்: மேல் வரிசையில் 0, 255, 255, 255, 255. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன? 255, 0, 0, 0. எழுத்தும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பெரிய எண். புகைப்படத்தைப் பென்சில் ஓவியம்போல மாற்றுகிற வித்தை இந்தக் கழித்தலிலிருந்துதான் தொடங்குகிறது.

வெளிச்சம் கூட்டுதல்: எல்லா எண்ணோடும் 40 கூட்டினால் படம் பளிச்சென்று ஆகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு பிக்சல் 230, பக்கத்துப் பிக்சல் 250 என்றால், கூட்டிய பிறகு 270, 290 வர வேண்டும். 255க்கு மேல் எண் கிடையாதே! இரண்டும் 255 ஆகிவிடும். பிறகு 40 கழித்தாலும் இரண்டுமே 215. அவற்றுக்கு இடையே இருந்த வித்தியாசம் போனது போனதுதான். அதனால்தான் எந்தப் படத்தில் கை வைக்கும் முன்பும் அசல் படத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்த அறை

படங்களைச் சேர்ப்பதும் மாற்றுவதுமான இந்தக் கலை கணினி வருவதற்கு முன்பே இருந்தது. 1857இல், இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரேலாண்டர் என்ற புகைப்படக் கலைஞர், முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை (கருப்பும் வெள்ளையும் இடம் மாறிப் பதிந்த படங்களை) பகுதி பகுதியாக அச்சிட்டு ஒரே பெரிய படமாக்கினார். படத்தில் உள்ளவர்கள் ஒரே கூடத்தில் நின்றதுபோல் இருக்கும்.

நான் உங்கள் வயதில் இருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அங்கே வேலை செய்த அண்ணன் ஒருநாள் என்னை இருட்டறைக்குள் கூட்டிப்போனார். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மட்டும். கருப்பு வெள்ளைப் படம் அச்சிடும் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் அது கெட்டுப்போகாது. நெகட்டிவ் வழியாகத் தாளின்மேல் வெளிச்சம் விழுந்தபோது, கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை முகத்துக்கு மேலே அசைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தாள் வெளிச்சம் பட்டால் கருக்கும். அட்டை மறைத்த இடத்தில் வெளிச்சம் குறைவு. அதனால் அங்கே கருப்பும் குறைவு. தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டியபோது, ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாளிலிருந்து ஒரு பாட்டியின் முகம் மெல்ல மேலே வந்தது. அந்த நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஃபோட்டோஷாப் என்ற மென்பொருளைத் திறந்து 'டாட்ஜ்' கருவியின் சின்னத்தைப் பாருங்கள். கம்பி நுனியில் வட்டம்! அதே அட்டைதான். ஃபோட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தார். 1987இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ், தன் கணினித் திரையில் சாம்பல் நிறம் தெரியவில்லையே என்று, கருப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துச் சாம்பல்போலக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினார். திரைப்படங்களுக்கு மாயக் காட்சிகள் செய்யும் வேலையில் இருந்த ஜான், 'இதை வளர்த்தெடுக்கலாம்' என்று கூடச் சேர்ந்தார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை ஃபோட்டோஷாப் என்று வெளியிட்டது. என் அக்கா மகள் பயன்படுத்திய கிம்ப், காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தக்கூடியது. 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது.

படகு மிதந்தது

சரி, டம்ளருக்கு வருவோம். "நிழலைப் பாரு" என்றேன். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "அய்யோ! டம்ளருக்கு இடப்பக்கம் ஜன்னல். படகுக்கு வலப்பக்கம் சூரியன்!" ஒரே இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் வெயில் அடிக்குமா? நமக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் கண்டுபிடித்துவிடுகிறது.

படகை இடவலமாகத் திருப்பினாள். ஒவ்வொரு வரிசையிலும் எண்களைக் கடைசியிலிருந்து எழுதினால் முடிந்தது. வெளிச்சம் சரியாகிவிட்டது. ஆனால் படகின்மேல் எழுதியிருந்த பெயர், கண்ணாடியில் தெரிவதுபோல மாறிவிட்டது! பெயரை மட்டும் வெட்டி, மறுபடி திருப்பி, அதே இடத்தில் ஒட்டினாள்.

படகின் மேல் சாயங்கால வெயிலின் மஞ்சள் இருந்தது. சிவப்பு எண்களில் கொஞ்சம் கழித்து, நீல எண்களில் கொஞ்சம் கூட்டினாள். வெட்டிய ஓரம் கத்திபோல் இருந்தது. அங்கே மட்டும் சராசரி: ஓரம் தண்ணீரோடு கலந்தது.

கடைசியாகப் பிரதிபலிப்பு. தண்ணீரில் மிதக்கும் எதுவும் தண்ணீரில் தெரிய வேண்டுமே. படகை நகலெடுத்து, தலைகீழாக்கி, படகுக்கும் டம்ளருக்கும் நடுவில் தனி லேயராக வைத்தாள். லேயர் என்றால் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது மாதிரி. அந்த லேயர் 25 சதவீதம் மட்டும் தெரியும்படி வைத்தாள். படகில் 200, தண்ணீரில் 100 என்றால், 200இல் கால் பங்கு 50, 100இல் முக்கால் பங்கு 75. கூட்டினால் 125. தண்ணீர்தான் தெரிகிறது, ஆனால் அதில் படகு லேசாக ஆடுகிறது.

"மாமா, மிதக்குது!" என்று கத்தினாள். உண்மையிலேயே மிதந்தது.

கணக்கை எப்படிப் போடுவது என்பது கணினிக்குத் தெரியும். அதை எந்த இடத்தில், எவ்வளவு போடுவது என்பதை அவள் கண்ணும் பொறுமையும் சொல்லின. அறிவியலும் கலையும் கைகோத்தது அங்கேதான்.

அந்தப் படத்தை அச்சிட்டு, கீழே தன் கையால் எழுதினாள்: 'இரண்டு படங்களைச் சேர்த்து நான் செய்தது.' அது முக்கியம். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், எகிப்தின் பிரமிடுகள் உள்ள அகலமான படம் நெட்டையான அட்டையில் பொருந்த வேண்டும் என்று, கணினியால் பிரமிடுகளை நெருக்கி நகர்த்திவிட்டது. இடத்தை உள்ளபடி காட்டும் என்று நம்பி வாங்கியவர்கள் வருந்தினார்கள். பெரிய விவாதமே நடந்தது. கற்பனைப் படம் செய்வது அழகான வேலை. அதை நடந்த விஷயமாகக் காட்டாமல் இருப்பது நம் பொறுப்பு. பிறர் முகத்தை வைத்து விளையாடும் முன் அவர்களிடம் அனுமதி கேட்பதும் அப்படித்தான்.

செய்து பாருங்கள்

உங்கள் 'ட'வை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொரு 25 கட்டம் வரைந்து, அதே 'ட'வை இடவலமாகத் திருப்பி எழுதுங்கள். இப்போது இரண்டும் இரண்டு லேயர்கள். மூன்றாவதாக ஒரு 25 கட்டம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு கட்டத்திலும், இரண்டு லேயர்களில் அதே இடத்தில் உள்ள எண்களில் எது சிறியதோ அதை எழுதுங்கள். மென்பொருளில் இதற்கு 'டார்க்கன்' என்று பெயர். 0 உள்ள கட்டங்களைக் கருப்பாக்குங்கள்.

என்ன எழுத்து வந்தது? 'படம்' என்ற சொல் அதில்தான் தொடங்குகிறது.