மின்னஞ்சல் வழியாக பக்ஸ்: சிக்கனமான வழி எது?

சொந்தக் காணியை விட்டுத் தூரத்தில் வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு அலுவலகக் கடிதம் என்பது சிறிய விடயமல்ல. காணி ஒரு மாவட்டத்தில், குடும்பம் இன்னொரு மாவட்டத்தில், உறுதியைப் பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளையோ கடல் கடந்த நாட்டில். இந்நிலையில் குறித்த திகதிக்குள் ஒரு தாள் உரிய மேசையை அடைய வேண்டும் என்றால் என்ன செய்வது?

2025 மார்ச் 28 ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகள் தொடர்பாக ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. உரிமை கோருவோருக்கு அதில் மூன்று மாதங்களே கொடுக்கப்பட்டிருந்தன. கடும் எதிர்ப்பின் பின்னர் அவ்வறிவித்தல் அதே ஆண்டில் மீளப்பெறப்பட்டது. ஆனால் அது ஒரு பாடத்தைத் தந்தது. தவணை குறுகியதாக இருக்கும்போது, எந்த வழியால் எவ்வளவு செலவில் கடிதம் அனுப்புவது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவர் தடுமாறுவதில்லை. ஆகவே இம்முறை மின்னஞ்சலையும் பக்ஸையும் இணைத்துப் பயன்படுத்தும் வழிகளையும் அவற்றின் செலவுகளையும் ஆராய்வோம்.

இது எவ்வாறு இயங்குகிறது?

பக்ஸ் இயந்திரம் தாளிலுள்ள எழுத்தை வாசிப்பதில்லை. அது தாளைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒலியாக மாற்றித் தொலைபேசி வழியே அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள இயந்திரம் அவ்வொலியை மீண்டும் புள்ளிகளாக்கித் தாளிற் பதிக்கிறது.

மின்னஞ்சல் வழி பக்ஸில், இரண்டுக்கும் நடுவே ஒரு சேவை நிறுவனத்தின் கணனி நிற்கிறது. நாம் கடிதத்தை மின்னஞ்சலுடன் இணைத்து, பெறுபவரின் பக்ஸ் இலக்கத்தையும் குறிப்பிட்டு அந்நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். அதன் கணனி அவ்விலக்கத்தை அழைத்துத் தாளைச் சேர்ப்பித்து, முடிவை எமக்கு மின்னஞ்சலில் அறிவிக்கிறது. பக்ஸ் பெறுவதானால், அந்நிறுவனம் எமக்கென ஒரு தொலைபேசி இலக்கத்தை வாடகைக்குத் தருகிறது. அவ்விலக்கத்துக்கு வரும் பக்ஸ் பிடிஎப் கோப்பாக எமது மின்னஞ்சலுக்கு வந்து சேரும்.

இது புதிதான ஒன்றல்ல. 1993 இலேயே அமெரிக்காவில் கார்ல் மலமுட், மார்ஷல் ரோஸ் என்னும் இருவர் மின்னஞ்சலை பக்ஸாக மாற்றும் இலவசப் பரீட்சார்த்தம் ஒன்றைத் தொடங்கினர். இன்று இதனை வியாபாரமாகச் செய்யும் நிறுவனங்கள் பல.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு

எந்தச் சேவைக்கும் பணம் கட்டுமுன் உரிய அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் ஏற்பீர்களா? பக்ஸ்தான் வேண்டுமென்றால் அந்த இயந்திரம் இப்போது வேலை செய்கிறதா? மூலப் பிரதி பின்னர் தபாலில் வர வேண்டுமா?

மின்னஞ்சலை ஏற்பார்கள் என்றால் பக்ஸுக்குச் செலவழிக்கவே தேவையில்லை. கடிதத் தலைப்பில் பக்ஸ் இலக்கம் அச்சிடப்பட்டிருப்பதால் மட்டும் இயந்திரம் இயங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பதில் சொன்னவரின் பெயர், பதவி, திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அரச அலுவலகத்திடம் தகவல் கோரும் விண்ணப்பத்தை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். எழுத்தில் கேட்பது என்பதில் இலத்திரனியல் வழியும் அடங்கும் என அச்சட்டமே கூறுகிறது. தகவல் அலுவலர் உடனே எழுத்தில் பற்றுச்சான்று தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தையும் எடுக்க வேண்டும். உங்கள் காணியின் நிலை பற்றி அறிய இதுவே செலவு குறைந்த வழியாகும்.

அனுப்புவதற்கு ஐந்து வழிகள்

1. சொந்த பக்ஸ் இயந்திரம். இயந்திரம், மை, தாள், தொலைபேசி வாடகை என்று செலவு நீளும். மேலும், அன்ரெனாவுடன் இயங்கும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியில் பக்ஸ் ஒலி சிதைந்து, பாதியிலே அறுந்து போவதுண்டு. ஒரு குடும்பத்துக்கு இது உகந்ததல்ல.

2. சந்தியிலுள்ள கொமினிகேசன் கடை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் அனுப்புபவருக்கு இதுவே போதும். பக்கத்துக்கு எவ்வளவு, அனுப்பத் தவறினாலும் பணம் அறவிடுவார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

3. பக்கக் கணக்கில் கட்டணம் பெறும் இணையச் சேவை. மாதக் கட்டணம் இல்லை. அனுப்பும்போது மட்டும் செலுத்தினாற் போதும். அவசர காலத்தில், வெளிநாட்டிலுள்ள உறவினர் தமது அட்டை மூலம் பணம் செலுத்தி அங்கிருந்தே எமது நாட்டு அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

4. மாதச் சந்தாச் சேவை. விளம்பரத்தில் மிக மலிவாகத் தோன்றுவது இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10 டொலர் என வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 120 டொலர். ஒரு குடும்பம் வருடத்தில் ஐந்து பக்ஸ் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 24 டொலர் செலவாகிறது! மாதந்தோறும் பல கடிதங்கள் அனுப்பும் சங்கத்துக்கே இது பொருந்தும். அத்துடன் ‘முதல் மாதம் இலவசம்’ என்று அட்டை இலக்கத்தை வாங்கும் சேவைகள், நாமாக நிறுத்தும்வரை மாதாமாதம் பணத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

5. இலவசச் சேவை. இவற்றிற் பல அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளுக்கு மட்டுமே இலவசமாக அனுப்புகின்றன. சில பக்கங்களுக்கு மேல் ஏற்பதில்லை. முதற் பக்கத்தில் விளம்பரத்தையும் சேர்த்துவிடும். அந்நாடுகளிலுள்ள ஒரு அலுவலகத்துக்குச் சிறு கடிதம் அனுப்ப உதவலாம். உறுதி, அடையாள அட்டைப் பிரதி போன்றவற்றை இவற்றில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

பெறுவதற்கு எது வழி?

பக்ஸ் பெறுவதற்கு இலக்கம் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஆகவே அதற்கு மாத வாடகை உண்டு. வெளிநாட்டுச் சேவைகள் பெரும்பாலும் வெளிநாட்டு இலக்கத்தையே தருகின்றன. அந்த இலக்கத்துக்கு எமது பிரதேச செயலகம் பக்ஸ் அனுப்ப வேண்டுமானால், அது வெளிநாட்டு அழைப்பாகிவிடும். எந்த எழுதுவினைஞர் அதனைச் செய்வார்? எனவே குடும்பங்கள் பெறும் இலக்கத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ‘பதிலை ஸ்கான் செய்து கீழ்க்காணும் மின்னஞ்சலுக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாற் போதும். பக்ஸ் இலக்கம் கட்டாயம் தேவைப்பட்டால், கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், பங்குப் பணிமனை ஆகியவற்றில் ஏற்கனவே உள்ள இலக்கத்தை அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

இலக்கம்: வெளிநாட்டுச் சேவை மூலம் அனுப்பும்போது நாட்டுக் குறியீடு 94 ஐ முதலில் இட்டு, பிரதேசக் குறியீட்டின் முன்னுள்ள பூச்சியத்தை நீக்க வேண்டும். யாழ்ப்பாணத்து 021 என்பது 94 21 ஆகும். வவுனியாவின் 024 என்பது 94 24 ஆகும். பூச்சியத்தை விட்டுவைத்தால் அழைப்பு போய்ச் சேராது.

தெளிவு: சாதாரண பக்ஸில் குறுக்காக மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகளும் நெடுக்காக ஏறக்குறைய 4 கோடுகளுமே பதியும். ‘பைன்’ என்னும் நிலையில் நெடுக்காக இருமடங்கு கோடுகள் பதியும். பழுப்பேறிய பழைய உறுதி பக்ஸில் கறுத்துப்போகும். நில அளவைப் படத்தின் மெல்லிய கோடுகள் மறையும். ஆகவே தாளைச் சமமாக விரித்து, நல்ல பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமற் கைத்தொலைபேசியால் ஸ்கான் செய்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, ‘பைன்’ நிலையில் அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், கோவை இலக்கம், ‘3 இல் 1’ என்றவாறு பக்க எண் ஆகியவற்றை எழுதுங்கள்.

அத்தாட்சி: மின்னஞ்சல் எமது கையை விட்டுப் போனதால் பக்ஸ் போய்ச் சேர்ந்தது என்று பொருளல்ல. வெற்றிகரமாகச் சேர்ப்பிக்கப்பட்டது என்ற அறிக்கை வரும்வரை காத்திருங்கள். அதில் திகதி, நேரம், பெற்ற இலக்கம், பக்க எண்ணிக்கை ஆகியன இருக்கும். அதனை அச்சிட்டுக் கடிதப் பிரதியுடன் சேர்த்து வையுங்கள். எமது நேரம் கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. வெளிநாட்டுக் கணனியின் அறிக்கையில் முதல் நாள் திகதி பதியப்பட்டிருக்கலாம் என்பதை மனதிற் கொள்ளுங்கள். தவணையின் கடைசி நாள்வரை காத்திராதீர்கள்.

இரகசியம்: கடைக்காரரின் கைத்தொலைபேசிக்கு உறுதியின் படத்தை அனுப்பி அச்சிடும் வழக்கம் பரவலாக உள்ளது. வேலை முடிந்ததும் உங்கள் முன்னிலையிலேயே அதனை அழிக்கச் சொல்லுங்கள். கடைக் கணனியில் மின்னஞ்சலைத் திறந்தால், மூடிவிட்டே எழும்புங்கள்.

பக்ஸால் முடியாதவை

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் அளிக்கிறது. ஆயினும் மரணசாசனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை ஒப்பந்தம், காணியைக் கைமாற்றுதல் ஆகியவற்றுக்கு அச்சட்டம் ஏற்புடையதல்ல. ஆகவே வெளிநாட்டிலுள்ள மகன் தாய்க்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தின் பக்ஸ் பிரதியை நம்பிக் காணி அலுவலில் இறங்கக் கூடாது. மூலப் பத்திரமே கைக்கு வர வேண்டும். ஏனைய விண்ணப்பங்களிலும், பக்ஸ் அனுப்பிய அன்றே மூலக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டைப் பேணுவது பாதுகாப்பானது.

கூடிச் செய்தால் செலவு குறையும்

தனிக் குடும்பத்துக்குச் சுமையாகும் மாதச் சந்தா, முப்பது குடும்பங்கள் பகிர்ந்தால் சிறு தொகையாகிவிடும். ஆனால் எத்தனை பேருக்கு உண்மையில் தேவை என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில், சென்ற வருடம் யார் யார் எந்த அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் அனுப்பினார்கள் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். எந்தெந்த அலுவலகங்கள் மின்னஞ்சலை ஏற்கின்றன என்பதையும் அதில் குறியுங்கள். கணனி தெரிந்த ஓர் இளைஞரையோ யுவதியையோ இப்பொறுப்புக்குத் தெரிவு செய்து, அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் பதிவேடு வைக்கச் செய்யுங்கள்.

சுருங்கக் கூறின், மின்னஞ்சல் ஏற்கப்படும் இடத்தில் மின்னஞ்சல். பக்ஸ்தான் வேண்டுமென்றால் கடை அல்லது பக்கக் கணக்குச் சேவை. சந்தா, சங்கத்துக்கு மட்டும். எந்த வழியால் அனுப்பினாலும் அத்தாட்சி உங்கள் கையில் இருக்கட்டும். நாளை ஒரு விசாரணையில் ‘உங்கள் கடிதம் கிடைக்கவில்லை’ என்று சொல்லப்பட்டால், அந்த ஒரு தாளே உங்களுக்காகப் பேசும்.