மிச்சச் சோற்றில் ஒரு ஃபிரைடு ரைஸ்!

"ஃபிரைடு ரைஸ்" என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது தள்ளுவண்டிக் கடையும், டங் டங் என்று கேட்கும் கரண்டிச் சத்தமும்தான். ஆனால் நண்பர்களே, இது சீனாவில் வீட்டில் மீந்த சோற்றை வீணாக்காமல் தீர்க்கும் வழிகளில் ஒன்று. ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நமக்கும் கைகொடுக்கும். கொஞ்சம் தெர்மல் இன்ஜினியரிங் தெரிந்தால் போதும்!

ஏன் பழைய சோறு? சுடுசோற்றில் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து உப்பி, பசைபோல் இருக்கும். கிளறினால் களிதான் மிஞ்சும். ஆறினபிறகு ஸ்டார்ச்சிலுள்ள அமைலோஸ் மூலக்கூறுகள் மறுபடி வரிசையாகச் சேர்ந்து இறுகுகின்றன. அதனால் சோறு பொலபொலவென்று உதிர்கிறது.

அடுத்தது ஈரம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 293 ஜூல் போதும். அதையே ஆவியாக்க 2260 ஜூல் வேண்டும். வாணலியில் ஈரம் இருக்கிறவரை சூடு 100-ஐத் தாண்டாது. ஆனால் பொன்னிறமும் அந்த வாசனையும் வருவது 140 டிகிரிக்குப் பக்கத்தில்தான். ஆகவே குழம்பு கலந்த சோறு வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு பேருக்குச் செய்யவும் வேண்டாம். வாணலி குளிர்ந்து, சோறு வறுபடாமல் அவிந்துபோகும்.

செய்முறை (ஒருவருக்கு): இரண்டு டம்ளர் சோற்றைக் கையால் உதிர்த்து வையுங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். முதலில் முட்டையைப் பொரித்துத் தனியே எடுத்துவிடவும். பிறகு பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம். அதன்பின் பொடியாக நறுக்கிய கோஸ், கேரட், பீன்ஸ். பாதி வெந்தால் போதும். இப்போது சோறு. தீயைக் குறைக்காமல் மூன்று, நாலு நிமிஷம் புரட்டுங்கள். உப்பு, மிளகுத்தூள், முட்டை சேர்த்து இறக்கவும். சோயா சாஸ் இருந்தால் கடைசியில் ஒரு ஸ்பூன், வாணலி ஓரமாக. இல்லையா? கவலை வேண்டாம், இட்லிப் பொடி இருக்கிறதே! மீந்த பொரியலையும் போடலாம். தேங்காய் போட்டது மட்டும் சீக்கிரம் கெட்டுவிடும், தவிர்த்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். "நல்லா சூடு பண்ணிட்டா எல்லாக் கிருமியும் செத்துடும்பா" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. சோற்றைப் பொறுத்தவரை இது ஆபத்தான நம்பிக்கை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. சோற்றை வெளியிலேயே மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. நம் வாணலி எம்மாத்திரம்? சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கிவிடும். 1970-களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்ட பலர் இப்படித்தான் அவதிப்பட்டார்கள். சோற்றை மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே விட்டதுதான் காரணம். கெட்டதை மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத ரூமா? தண்ணீரைச் சற்றுக் குறைத்துப் புதிதாக வடித்து, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் பரப்பினால் ஈரம் போய்விடும். உடனே வறுத்துவிடலாம். மதியம் வைத்த சோறு ராத்திரிவரை மூடியே கிடந்ததா? மனசைத் தேற்றிக்கொண்டு கொட்டிவிடுங்கள். செமஸ்டர் நேரத்தில் ஒரு வேளைச் சோறு போனால் பரவாயில்லை, ஒரு பரீட்சை போகலாமா?

அளவாக வடிப்போம், பக்குவமாக வறுப்போம், பகிர்ந்து உண்போம்!