தொலைபேசி வலையமைப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் செவிகள்

ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு வலையமைப்புக்கான உபகரணங்களை வேறொரு நாட்டிடமிருந்து கொள்வனவு செய்வது தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாகுமா என்ற வினா கடந்த இரு தசாப்தங்களாக உலக அரங்கில் எழுப்பப்பட்டு வருகின்றது. சீனாவின் ஹுவாவி நிறுவனத்தை மையமாகக் கொண்டே இவ்விவாதம் பெரும்பாலும் நடைபெறுவதால், இது அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலான வர்த்தகப் போட்டியின் ஓர் அங்கமே எனக் கருதுவோரும் உளர். அக்கருத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், இத்தகைய உளவு வேலை நடைபெற்றமை ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்ட இரு பெரும் சம்பவங்களை நோக்கின், அவ்விரண்டிலும் சம்பந்தப்பட்டவை ஐரோப்பிய நிறுவனங்களின் உபகரணங்களே என்பது கவனிக்கத்தக்கது.

முதலாவது, கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் நடைபெற்றது. 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழாவையொட்டிய காலத்தில் அந்நாட்டின் பிரதமர் கொஸ்தாஸ் கரமன்லிஸ், பாதுகாப்பு, வெளிவிவகார, நீதி அமைச்சர்கள், ஏதென்ஸ் மாநகர முதல்வர் உள்ளிட்ட நூறுக்கும் மேற்பட்டோரின் கையடக்கத் தொலைபேசி உரையாடல்கள் பல மாதங்களாக ஒட்டுக்கேட்கப்பட்டன. இவர்கள் அனைவரும் வொடபோன் கிரேக்க நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். அந்நிறுவனத்தின் அழைப்பு மாற்று நிலையங்களில் இருந்தவை சுவீடனின் எரிக்சன் நிறுவனத் தயாரிப்புகள்.

இங்கு தொழில்நுட்பம் பற்றிச் சற்று விளக்குதல் அவசியம். நீதிமன்ற ஆணையின் பேரில் குறிப்பிட்ட ஓர் இலக்கத்தின் உரையாடலைச் செவிமடுப்பதற்கான வசதி, தற்கால அழைப்பு மாற்று நிலையங்களில் தயாரிப்பாளராலேயே அமைக்கப்படுகின்றது. அரசாங்கங்கள் அதனைக் கோருகின்றன. அந்த வசதி இல்லாத உபகரணத்தைப் பல நாடுகளில் விற்கவே முடியாது. இந்த 'சட்டபூர்வ' வசதியின் அடிப்படை மென்பொருள் வொடபோனின் நிலையங்களில் இருந்தது. ஆனால் அதனை இயக்கிப் பதிவுகளைப் பேணும் மேற்பார்வை மென்பொருளை அந்நிறுவனம் கொள்வனவு செய்திருக்கவில்லை. பூட்டிக் காவலின்றி விடப்பட்ட அந்தக் கதவினூடாகவே அந்நியர் நுழைந்தனர். இயங்கிக்கொண்டிருந்த நிலையத்திலேயே தமது மென்பொருளை இரகசியமாகச் சேர்த்து, இலக்கு வைக்கப்பட்டோரின் உரையாடல்களின் பிரதி முற்கொடுப்பனவு அட்டைகளில் இயங்கிய வேறு 14 தொலைபேசிகளுக்குச் செல்லுமாறு செய்தனர்.

இது வெளிவந்ததும் தற்செயலாகவே. 2005 ஜனவரியில் அந்நியர் தமது மென்பொருளைப் புதுப்பித்தபோது ஏற்பட்ட கோளாறினால் சில குறுஞ்செய்திகள் உரியவர்களைச் சென்றடையவில்லை. காரணத்தைத் தேடிய எரிக்சன் பொறியியலாளர்கள், தாம் எழுதாத மென்பொருள் ஒன்று தமது இயந்திரத்தில் ஓடுவதைக் கண்டனர். நிறுவனம் அதனை உடனடியாக அகற்றியது. இது பெருந்தவறு. அகற்றியதும் உளவாளிகள் எச்சரிக்கையடைந்து அத்தொலைபேசிகளை நிறுத்திவிட, அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. சில நாட்களுள் நிறுவனத்தின் வலையமைப்புத் திட்டமிடல் அதிகாரி ஒருவர் தமது இல்லத்தில் இறந்து கிடந்தார். 2006 பெப்ரவரியிலேயே கிரேக்க அரசாங்கம் விடயத்தை மக்களுக்கு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வொடபோனுக்கு 76 மில்லியன் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஏதென்ஸிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் முன்னர் பணியாற்றிய ஒருவருக்கு எதிராக 2015இல் கிரேக்க நீதித்துறை பிடியாணை பிறப்பித்தது.

இரண்டாவது சம்பவம் இதனிலும் பாரதூரமானது. சுவிற்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் இயங்கிய கிரிப்டோ ஏ.ஜி. என்னும் நிறுவனம் இராஜதந்திர, இராணுவத் தகவல்களை இரகசியக் குறியீடாக மாற்றும் இயந்திரங்களை 120க்கும் அதிகமான நாடுகளுக்கு விற்றது. ஈரான், சவூதி அரேபியா, லிபியா, பாக்கிஸ்தான், இந்தியா என்பன அதன் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தன. நடுநிலை நாடான சுவிற்சர்லாந்தின் தயாரிப்பு என்பதே அந்நாடுகளின் நம்பிக்கைக்குக் காரணம். ஆனால் 1970 முதல் அந்நிறுவனத்தின் இரகசிய உரிமையாளர்களாக இருந்தவர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் மேற்கு ஜேர்மனியின் பி.என்.டி. உளவு நிறுவனமுமே. குறியீடுகளைத் தாம் இலகுவாக உடைத்து வாசிக்கக்கூடியவாறு இயந்திரங்கள் பலவீனமாக்கப்பட்டே விற்கப்பட்டன. 1992இல் அந்நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியொருவரை ஈரான் கைது செய்து ஒன்பது மாதங்கள் தடுத்துவைத்தது. அப்பாவியான அம்மனிதருக்குத் தாம் எதனை விற்றுத் திரிந்தார் என்பதே தெரிந்திருக்கவில்லை! ஜேர்மனி 1993இல் விலகிக்கொண்டது. அமெரிக்கா 2018 வரை நடத்தியது. 2020 பெப்ரவரியில் அமெரிக்க, ஜேர்மனிய, சுவிஸ் ஊடகங்கள் கூட்டாக இதனை அம்பலப்படுத்தின. பணம் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கியதாக எண்ணிய நாடுகள், தமது இரகசியங்களைத் தமது செலவிலேயே அனுப்பிக்கொண்டிருந்தன.

இப்பின்னணியிலேயே ஹுவாவி மீதான குற்றச்சாட்டுகளை எடைபோட வேண்டும். 1987இல் ஷென்சென் நகரில் ஆரம்பிக்கப்பட்ட அந்நிறுவனம், குறைந்த விலையினாலும் இலகு கடன் வசதியினாலும் ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் வேரூன்றியது. 2012இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் புலனாய்வுக் குழு ஹுவாவியையும் இசட்.ரி.ஈ.யையும் தவிர்க்குமாறு பரிந்துரைத்தது. 2018இல் அவுஸ்திரேலியா தனது ஐந்தாம் தலைமுறை வலையமைப்பிலிருந்து இவற்றை விலக்கியது. ஆபிரிக்க ஒன்றியத் தலைமையகக் கணினிகளிலிருந்து நள்ளிரவு தோறும் தரவுகள் ஷங்காய்க்குச் சென்றதாக 2018 ஜனவரியில் பிரான்ஸின் 'லு மொன்ட்' நாளிதழ் எழுதியது. சீனா இதனை மறுத்தது. மறுபுறத்தில், அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. நிறுவனமே ஹுவாவியின் கணினிகளுள் ஊடுருவியிருந்தமை ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் மூலம் 2014இல் தெரியவந்தது. திருடனைப் பிடிக்கக் கூக்குரலிட்டவரின் கையிலும் கன்னக்கோல் இருந்தது எனலாம்.

பிரித்தானியாவின் அனுபவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 2010இல் ஹுவாவியின் செலவிலேயே பான்பரி நகரில் ஒரு பரிசோதனை நிலையம் அமைக்கப்பட்டு, பிரித்தானியப் புலனாய்வுத் துறையின் கண்காணிப்பில் உபகரணங்கள் ஆராயப்பட்டன. 2019இல் வெளியான அறிக்கை, மென்பொருளில் பாரிய குறைபாடுகள் உள்ளன என்றது. ஆனால் அவை சீன அரசின் தலையீட்டினால் ஏற்பட்டவையல்ல என்பதே அதிகாரிகளின் கருத்தாக இருந்தது. வேண்டுமென்றே வைக்கப்பட்ட கள்ளவழி எதுவும் வெளிப்படாத நிலையிலும், 2027 இறுதிக்குள் அனைத்து ஹுவாவி உபகரணங்களையும் ஐந்தாம் தலைமுறை வலையமைப்பிலிருந்து அகற்றுமாறு 2020 ஜூலையில் லண்டன் தீர்மானித்தது.

இதில் முரண்பாடு எதுவுமில்லை. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் சாதாரண தவறு எது, திட்டமிட்ட தவறு எது என நிரூபிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். இன்று சுத்தமாக இருக்கும் இயந்திரம் நாளைய மென்பொருள் புதுப்பித்தலுடன் மாறிவிடலாம். பராமரிப்புக்கென வெளிநாட்டிலிருந்து பொறியியலாளர்கள் வலையமைப்பினுள் நுழைவது வழமை. எனவே வினா இயந்திரத்தைப் பற்றியதாக இருப்பதிலும் பார்க்க, அதனைத் தயாரிப்பவர் யாருடைய கட்டளைக்குப் பணிய வேண்டியவர் என்பதைப் பற்றியதாகிவிடுகின்றது. சீன அமைப்புகள் அரசின் புலனாய்வுப் பணிக்கு உதவ வேண்டும் எனச் சீனாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. வொஷிங்டனிலும் இரகசிய ஆணைகள் உண்டு.

இலங்கை போன்ற நாடுகள் சொந்தமாக இத்தகைய உபகரணங்களைத் தயாரிப்பதில்லை. எமது அழைப்புகள் சீன இயந்திரத்தினூடாகவோ ஐரோப்பிய இயந்திரத்தினூடாகவோ செல்லத்தான் வேண்டும். பெரும் வல்லரசுகளின் பட்டியலைப் பார்த்து ஒரு நிறுவனத்தைத் தடை செய்வதால் மட்டும் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. கிரேக்கம் வாங்கியதும் 'நட்பு நாட்டின்' உபகரணமே. பராமரிப்புக்காக வலையமைப்பினுள் நுழைபவர் யார், அப்பதிவுகள் எவ்வளவு காலம் பேணப்படுகின்றன, ஒட்டுக்கேட்கும் வசதியின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பவற்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவனங்களிடம் கேட்டு, இயன்றவற்றைப் பாராளுமன்றத்திற்கும் தெரிவிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

இறுதி வினா எமது வாசகர்களுக்கு விசேடமாக உரியது. யுத்த காலத்தில் வடக்கில் கையடக்கத் தொலைபேசிச் சேவை துண்டிக்கப்பட்டதையும், 2018இல் கண்டி வன்முறைகளின்போதும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும் தமிழ், முஸ்லிம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமது அழைப்பை பெய்ஜிங் கேட்கின்றதா, வொஷிங்டன் கேட்கின்றதா என்பதற்கு முன்னதாகக் கொழும்பு கேட்கின்றதா என்ற ஐயத்துடனேயே அவர்களிற் பலர் தொலைபேசியை எடுக்கின்றனர். இவ்விரு அச்சங்களும் வெவ்வேறானவையல்ல. அரசு தனக்கெனத் திறந்து வைத்த கதவினூடாகவே ஏதென்ஸில் அந்நியர் நுழைந்தனர். 2024இல் அமெரிக்காவின் பெரும் தொலைபேசி நிறுவனங்களுள் ஊடுருவிய சீன இணைய உளவாளிகளும், நீதிமன்ற ஆணைகளுக்கென அமைக்கப்பட்ட அதே வசதியைக் குறிவைத்ததாகவே செய்திகள் வெளியாகின.