தகப்பன் தூக்கில் தொங்கினார். மகன் தேவாலயம் கட்டினார்!

அமெரிக்காவின் தென் பகுதியில், கடலோரத்தில் உள்ளது சார்லஸ்டன் நகரம். அங்கே கால்ஹூன் தெருவில், உயர்ந்த கோபுரத்தோடு ஒரு வெள்ளைத் தேவாலயம் நிற்கிறது. மெதடிஸ்டு பிரிவைச் சேர்ந்தது. கறுப்பு இன மக்கள் கட்டியது. பெயர் இம்மானுவேல். "தேவன் நம்மோடு இருக்கிறார்" என்று பொருள்.

கால்ஹூன் என்பவர் அடிமை முறைக்காக வாதாடிய அரசியல்வாதி. அவர் பெயர் வைத்த தெருவில் அடிமைகளின் வாரிசுகள் கட்டிய தேவாலயம்! வேடிக்கைதான்.

இதன் கதை ஒரு கல்லறைத் தகராறில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மெதடிஸ்டு சபையில் இருந்தார்கள். கறுப்பர்களைப் புதைக்கும் இடத்தில், சவ வண்டி நிறுத்த வெள்ளையர் கொட்டகை போட்டார்கள். செத்த பிறகும் இடம் கிடையாதா? 4 ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் வெளியேறினார்கள். மோரிஸ் பிரவுன் என்ற போதகர் தலைமையில் தனிச் சபை அமைத்தார்கள். 1818-ல் அந்தச் சபையினர் 140 பேர் கைதானார்கள்.

லாட்டரிப் பரிசு

அந்தச் சபையில் டென்மார்க் வெசி என்று ஒரு தச்சர் இருந்தார். முன்பு அடிமை. 1799-ல் அவருக்கு லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. 600 டாலரை எஜமானரிடம் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டார். பிள்ளைகளோ அடிமைகளாகவே இருந்தார்கள்.

1822-ல், அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்யத் திட்டம் போட்டார் என்று அவர்மீது குற்றம் சாட்டினார்கள். அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். திட்டம் எவ்வளவு பெரியது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தேவாலயம் மட்டும் தரைமட்டம் ஆயிற்று.

1834-ல் கறுப்பர்கள் தனித் தேவாலயம் வைப்பதற்கே தடை வந்தது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் குற்றம் ஆயிற்று. ஆனாலும் சபை கலையவில்லை. 31 ஆண்டுகள் ரகசியமாகவே கூடி ஜெபித்தார்கள்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது; அடிமை விலங்கு அறுந்தது. சபையார் வெளியே வந்து புதிய தேவாலயம் எழுப்பினார்கள். அதற்குத் திட்டப்படம் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? ராபர்ட் வெசி. தூக்கில் தொங்கிய தச்சரின் மகன்!

1886 பூகம்பம் அதையும் பழுதாக்கியது. இப்போது உள்ள கட்டிடம் 1891-ல் எழுந்தது.

புதன்கிழமை இரவு

2015 ஜூன் 17. வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான். உட்கார இடம் கொடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் கூடவே இருந்தான். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். 9 பேர் மாண்டார்கள். போதகர் கிளமெண்டா பிங்க்னியும் அவர்களில் ஒருவர்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தின் கதவு திறந்தது. உள்ளே இடம் இல்லை. வெயிலில், தெருவில் நின்றபடியே பலர் ஆராதனை கேட்டார்கள்.