வடிகால் கட்டக் கடன் கிடைக்கிறது, தூர்வாருவதற்கு?

மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், தெருவில் சாக்கடை தேங்கி நாறுகிறது என்று குடியிருப்பவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். வடிகால் கட்ட உத்தரவு வந்தது. நகராட்சி அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்ன காரணம் நமக்கும் பழக்கமானதுதான்: கையில் பணம் இல்லை. 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சட்டம் சுமத்திய கடமையிலிருந்து தப்ப நிதிப் பற்றாக்குறை ஒரு சாக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்குக்கு அடிப்படையாக இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவாக நீடிக்கிறது. பொதுத் தொல்லையை நீக்கக் கோரி இன்றும் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இனி சென்னைக்கு வருவோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வடிகாலுக்குப் பெரும் பணம் வந்திருக்கிறது. கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி, அடையாறு, கூவம் பக்கம் உலக வங்கி. கட்டியது தப்பில்லை. பல தெருக்களில் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது. ஆனால் இந்தக் கடன்கள் முக்கியமாகக் கட்டுமானத்துக்கு. கட்டி முடித்ததை ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு பெரும்பாலும் மாநகராட்சியின் தலையில், அதாவது சொத்து வரி போன்ற வருவாயில் வந்து விழுகிறது. சம்பளமும் குப்பையும் தெருவிளக்கும் போக மிச்சம் இருப்பதுதான் அதற்கு. புது வடிகாலுக்குக் கல்வெட்டு உண்டு. தூர்வாரியதற்குக் கல்வெட்டு வைத்த கவுன்சிலரை நான் பார்த்ததில்லை.

சென்னையில் வண்டலை அலட்சியப்படுத்த முடியாததற்குக் காரணம் தரையமைப்பு. ஊரே சப்பட்டை. வடிகாலுக்குக் கொடுக்க முடிகிற சரிவு மிகக் குறைவு. முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆறுகளே மெதுவாகத்தான் வடியும். இப்படிப்பட்ட இடத்தில் பெட்டி வடிகாலில் பாதி உயரத்துக்கு வண்டல் படிந்தால், அது கொண்டுபோகும் தண்ணீர் பாதியைவிடவும் குறைந்துவிடும். வடிகால் வாய்க்கு முன்னால் வண்டல் பிடிக்கும் தொட்டி இருந்தாலும், அதை அள்ளாவிட்டால் சேறு நேரே உள்ளே போகும். அள்ளிய சேற்றை ஓரத்தில் குவித்துவிட்டுப் போவது அதைவிட மோசம். அடுத்த மழையிலேயே அது உள்ளே திரும்பிவிடும். வீடுகளும் ஓட்டல்களும் திருட்டுத்தனமாக விடும் கழிவுநீர் இதோடு சேர்ந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் இறுகிப்போகும். வெள்ளம் வரும்போது அந்தத் தண்ணீர்தான் வீட்டுக்குள் வருகிறது. எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அதன் பின்னாலேயே வரும்.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய செப்டம்பர் அவசரத்தைத் திட்டம் என்று சொல்ல முடியாது. எந்த வடிகால் எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எங்கே கழிவுநீர் கலக்கிறது என்ற பதிவேடு வேண்டும். அதை வைத்து ஆண்டு முழுவதுக்குமான வேலையும், பட்ஜெட்டில் அதற்கென்று தனித் தலைப்பும் வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தண்ணீர் இறங்காத தரைப்பரப்பின் அளவை வைத்து மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். பெரிய கார் பார்க்கிங் வைத்திருக்கும் வணிக வளாகம் அதிகம் கட்டும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தப் பணம் தனிக் கணக்கில் நிற்கும் என்ற உறுதி இல்லாமல் இங்கே புதிதாக ஒரு கட்டணம் கேட்டால், நானே எதிர்ப்பேன்.

நீங்கள் என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் தெரு வடிகாலுக்கான ஒப்பந்த ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய பில் ஆகியவற்றைக் கேளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டம் நடக்கும் வேலையை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. எத்தனை அடி சேறு எடுத்ததாகக் கணக்கு இருக்கிறதோ, அதை மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். இதை அக்டோபரில் தொடங்கினால் பதில் வருமுன் மழை வந்துவிடும். ஜனவரியில் கேட்டால், பட்ஜெட் மாமன்றத்துக்கு வருமுன் பதில் கையில் இருக்கும். அதை வார்டு கமிட்டியிலும் ஏரியா சபையிலும் வைத்துக் கவுன்சிலரிடம் கேள்வி கேட்கலாம்.

அடைப்புக்கும் திறந்து கிடக்கும் மூடிக்கும் மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தெரு வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையுடையவை. புகார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருப்பதற்கு இந்தப் பிரிவினை வசதியாக இருக்கிறது. எனவே மனுவின் நகலை மூவருக்கும் அனுப்புங்கள்.

கழிவுநீர் கலந்த வடிகாலில் இறங்கும் தொழிலாளிக்கு, அது மழைநீர் வடிகால் என்ற பெயர்ப்பலகையால் ஒரு பயனும் இல்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை வைத்துச் சாக்கடை சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒப்பந்ததாரர் வெறுங்காலோடு ஆளை இறக்கினால், வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே புகார் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் அந்த வடிகாலில்தான் விழுகிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.