டீசல் எஞ்சினுக்கு டேர்போ தெரிதல்: வளிக் கணக்கும் அமுக்கி வரைபடமும்

டீசல் எஞ்சினின் உருளைக்குள் எரிபொருளை மிகுதியாகச் செலுத்துவது எளிது. பீச்சும் பம்பியின் ஒழுங்கைச் சிறிது மாற்றினாலே போதும். அவ்வெரிபொருள் முற்றாக எரிவதற்கு வேண்டிய வளியைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினம். 1 கிலோகிராம் டீசல் எரிவதற்குக் கொள்கையளவில் ஏறத்தாழ 14.5 கிலோகிராம் வளி தேவை. நடைமுறையில் எரிபொருளும் வளியும் சீராகக் கலப்பதில்லையாதலின், 20 கிலோகிராமுக்குக் குறையாமல் கொடுத்தாலன்றிக் கரும்புகையைத் தவிர்த்தல் அரிது. எனவே டீசல் எஞ்சினின் வலுவை உயர்த்துவது என்பது முதற்கண் வளியைப் பற்றிய வினாவாகும்.

வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதே தண்டில் பொருந்திய அமுக்கியால் வளியை நெருக்கி உருளைக்கு ஊட்டும் முறைக்குச் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905 இல் காப்புரிமை கோரினார். 1925 அளவில் அம்முறையால் எஞ்சினின் வலுவை நூற்றுக்கு 40 வீதத்துக்கு மேல் உயர்த்திக் காட்டினார். டீசல் எஞ்சின் இம்முறைக்கு இயல்பாகவே இசைந்தது. பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் வளியும் சேர்ந்தே நெருக்கப்படுவதால், அமுக்கம் மிகும்போது கலவை வேளைக்கு முன் வெடிக்கும் இடருண்டு. டீசலில் நெருக்கப்படுவது வளி மட்டுமே. அதன் எல்லையை வகுப்பவை உலோகத்தின் வலிமையும் வெப்பமுமாகும்.

டேர்போவைத் தெரிவு செய்வோர் பலர் அதன் பரிவலுக் குறிப்பையே நோக்குகின்றனர். எமது பட்டறைகளிலோ அதுவும் இல்லை. பழுதடைந்ததன் இடத்தில் இணைப்புத் தட்டு பொருந்தும் வேறொன்றைப் பூட்டிவிடுவதும் உண்டு. பொருந்துவது தட்டு மாத்திரமே. வளிக் கணக்கிலிருந்து தொடங்குவதே முறையாகும். அக்கணக்கை ஓர் உண்மையான எஞ்சினைக் கொண்டு விளக்குவோம்.

2006 ஓகஸ்ட் 23 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில், ஜே.சி.பி. டீசல்மக்ஸ் என்னும் வண்டி மணிக்கு 563.418 கிலோமீற்றர் வேகத்தை எய்தி டீசல் வண்டிகளுக்கான உலகச் சாதனையை நிலைநாட்டியது. அதிலிருந்த இரு எஞ்சின்களும் மண் அகழும் பொறிகளில் 100 பரிவலு அளவில் உழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை. 5 லீற்றராகப் பெருப்பிக்கப்பட்ட அவை ஒவ்வொன்றும் 3800 சுற்று வேகத்தில் 750 பரிவலு, அஃதாவது ஏறத்தாழ 560 கிலோவாட் தந்தன.

இவ்வலுவுக்கு எவ்வளவு வளி வேண்டும்? கிலோவாட் மணி ஒன்றுக்கு 230 கிராம் எரிபொருள் எனவும், அதன் 22 மடங்கு வளி எனவும் நாம் கொள்வோமாயின், செக்கனுக்கு ஏறத்தாழ 0.79 கிலோகிராம் வளி தேவையாகிறது. நான்கடிப்பு எஞ்சினாதலின் இரு சுற்றுக்கு ஒருமுறையே உருளைகள் நிரம்பும். கனவளவுத் திறனை 0.9 எனக் கொண்டால், எஞ்சின் செக்கனுக்கு உள்ளெடுப்பது 0.143 கனமீற்றர். அக்கனவளவினுள் அத்திணிவு அடங்க, வளியின் அடர்த்தி கனமீற்றருக்கு 5.5 கிலோகிராமாதல் வேண்டும். கடல் மட்டத்து வளியின் அடர்த்தி 1.2 அளவே. குளிர்த்தியைக் கடந்த வளி 60 பாகை செல்சியசில் இருப்பின், உள்ளெடுகுழாயின் தனி அமுக்கம் 5.3 பார் ஆகவேண்டும்.

பொன்னவில் வெளியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீற்றர் உயரத்திலுள்ளது, வளியமுக்கம் 0.87 பார் அளவே. ஆகவே அமுக்க விகிதம் 6 ஐத் தாண்டுகிறது. இதனை ஒரே அமுக்கியால் பெற முயன்றால், அமுக்கியின் திறன் 0.7 ஆகவும் வளி 30 பாகையிலும் இருக்கையில், வெளிவரும் வளி 320 பாகையை எட்டும். ஒற்றைச் சில்லு அவ்விகிதத்தில் நற்றிறனோடு இயங்குவதும் அரிது. அதனாலேயே அவ்வெஞ்சின்களில் இரு டேர்போக்கள் தொடராக அமைக்கப்பட்டு, இடையிலும் இறுதியிலும் வளி குளிர்த்தப்பட்டது. ஒவ்வொரு படியும் சுமக்கும் விகிதம் 2.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவ்வாறாயினும் எமது கணக்கின்படி வளியை நெருக்குவதற்கு மட்டுமே 200 கிலோவாட்டுக்கு மேல் செலவாகின்றது. அகழும் பொறியில் அந்த எஞ்சின் தரும் முழு வலுவிலும் இது இரு மடங்குக்கு அதிகம். அத்தனையும் வெளியேறும் வாயுவிலிருந்தே பெறப்படுகிறது.

திணிவு வீதமும் அமுக்க விகிதமும் கிடைத்த பின்னரே அமுக்கி வரைபடத்தை விரித்தல் வேண்டும். அதன் கிடையச்சில் வளியின் வீதமும் நிலையச்சில் அமுக்க விகிதமும் குறிக்கப்பட்டிருக்கும். நடுவே தீவுகள் போல் கிடப்பன திறன் கோடுகள். இடப்புறத்தே ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்கு இப்பால் வீதம் குறையும்போது வளி அலகுகளைப் பற்றி நில்லாது பின்பாயும்; எஞ்சின் குரைப்பது போன்ற ஒலி கேட்கும்; தண்டின் உந்துதாங்கி விரைவில் அழியும். வலப்புற எல்லையில் வளியின் வேகம் நுழைவாயிலில் ஒலிவேகத்தை அணுகுவதால், சில்லை எவ்வளவு சுழற்றினும் வீதம் கூடாது. உச்ச வலுவுக்குரிய புள்ளி மட்டும் இவ்விரு எல்லைகளுக்கிடையே விழுவது போதாது. குறைந்த வேகத்தில் முழுச் சுமை ஏற்கும் புள்ளியும் அவற்றினிடையே விழவேண்டும். பெரும்பாலான பிழைத் தெரிவுகள் நிகழ்வது இவ்விடத்திலேயே.

5.9 லீற்றர் எஞ்சினுள்ள ஒரு பஸ் வண்டியைக் கருதுவோம். 2500 சுற்றில், 2.5 பார் தனி அமுக்கத்தில், அது செக்கனுக்கு 0.29 கிலோகிராம் வளியை ஏற்கும். 1400 சுற்றில், ஏற்றத்தில் இழுக்கும்போது, அமுக்கம் 2.3 பாராக இருக்க, அதன் தேவை 0.15 கிலோகிராம். எனவே ஏறத்தாழ ஒரே அமுக்க விகிதத்தில் வீதம் பாதியாகக் குறைகிறது. வலு மிகவேண்டும் என்னும் ஆசையால், அவ்விகிதத்தில் 0.2 கிலோகிராமிலேயே இட எல்லை தொடங்கும் பெரிய டேர்போ ஒன்றைப் பூட்டினால், மட்டநிலத்தில் அது நன்றாகவே ஓடும். ஏற்றத்திலோ, அமுக்கம் எழாது புகை எழும். அமுக்கம் எழுந்தாலோ வளி பின்பாயும். டீசல்மக்சை ஓர் உழவு இயந்திரம் பின்னின்று தள்ளி ஓரளவு வேகமூட்டிய பின்னரே அது தன் கியரில் ஓடத் தொடங்கியது. பயணிகளை ஏற்றிய பஸ்ஸுக்கு அத்தகைய துணை கிடையாது.

மலையக வீதிகளுக்கு இன்னொரு கூற்றும் உண்டு. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். அங்கு வளியமுக்கம் 0.81 பார் அளவாகும். அதே 2.5 பாரைக் கொடுக்கக் கொழும்பில் 2.5 ஆக இருந்த விகிதம் அங்கு 3.1 ஆகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றளவில் ஏற்கெனவே சுழலும் சில்லு மேலும் விரைய வேண்டியதாகிறது. ஆதலால் வரைபடத்தின் மேற்பகுதியில் இதற்கென இடம் விட்டே சில்லைத் தெரிதல் வேண்டும். மானியில் தெரிவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கமே. விகிதம் காண வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுழலியின் பக்கம் தெரிவு இன்னும் நுட்பமானது. சுழலிக் கூட்டின் வாய் ஒடுங்கியதாயின், குறைந்த வேகத்திலேயே வாயு விரைந்து பாய்ந்து சில்லை எழுப்பும். உயர் வேகத்திலோ அதே ஒடுக்கம் வாயுவை மறித்து எஞ்சினை மூச்சுத்திணறச் செய்யும். அகன்ற வாய் இதற்கு நேர்மாறானது. ஒடுங்கிய கூட்டைத் தெரிந்து, மிகையான வாயுவைப் புறவழி வாயிலால் கழித்துவிடுவது நெடுநாள் வழக்கு. அசையும் அலகுகளால் வாயின் அளவையே மாற்றும் முறை பின்னர் வந்தது. டீசலின் வெளியேறு வாயு பெற்றோலினதிலும் வெப்பம் குறைந்ததாகையால் அவ்வலகுகள் அதில் நின்றுபிடிக்கின்றன. பஸ்ஸுக்கும் லொறிக்கும் இதுவே தகுந்தது என்பது எமது எண்ணம். எனினும் கரி படிந்து அலகுகள் இறுகிவிடுமாயின், கழற்றித் துப்புரவாக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாத ஊரில் புறவழி வாயிலே மேல்.

தெரிவு சரியானதா என்பதை ஓட்டத்தின்போது இரு அளவைகள் காட்டிவிடும். சுழலிக்கு முன்னுள்ள வாயுவின் அமுக்கம் உள்ளெடுகுழாயின் அமுக்கத்தைப் பெரிதும் விஞ்சி நிற்குமாயின் கூடு சிறிது. அவ்விடத்தில் வெப்பநிலை நெடிய ஏற்றமொன்றில் 700 பாகை செல்சியசைத் தாண்டி ஏறிக்கொண்டே போகுமாயின், வளி போதவில்லை. அல்லது பம்பி மிகையாகத் திறக்கப்பட்டுள்ளது.