கோவலன் சாகும் நாள்

தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து கேரளத்தின் பாறசாலைக்குள் நுழையும் சாலையில், மலையாளக் கும்பம், மீனம் மாதங்களில், சுவர் தெரியாத அளவுக்குத் திருவிழா நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். நெய்யாற்றின்கரை வரைக்கும் அப்படித்தான். அவற்றில் முடிப்புரைகளின் நோட்டீஸைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மரத்தில் செதுக்கிய திருமுடியையே பத்ரகாளியாக வைத்து வணங்கும் கோயில்கள் இவை. திருவிழா நாட்களில் ஓலைப்பந்தலில் உட்கார்ந்து, குழித்தாளம் தட்டி, அம்மனின் கதையைத் தோற்றம் பாட்டாகப் பாடுவார்கள். நோட்டீஸில் ஒரு நாளுக்கு நேரே 'மாலப்புறம் பாட்டு' என்று இருக்கும். அன்று அம்மனுக்குக் கல்யாணம். சில நாள் தள்ளி 'கொன்னு தோற்று பாட்டு'. அன்று அவள் கணவன் கொல்லப்படுகிறான், பிறகு உயிர்பெற்று எழுகிறான். அம்மன் இங்கே கண்ணகி. கணவனைச் சில ஊர்களில் கோவலன் என்றும் சில ஊர்களில் பாலகன் என்றும் பாடுகிறார்கள்.

ஒரு கதாபாத்திரத்தின் சாவுக்கு நாள் குறித்து, நோட்டீஸ் அடித்து, ஊரைக் கூட்டி வைத்துப் பாடும் ஏற்பாடு இது. இதை இப்போது எழுதக் காரணம், இதே ஊர்களில் கைப்பேசியிலும் கணினியிலும் வேறு வகை வேஷம் கட்டும் இளைஞர்கள். ஜிடிஏ என்ற கணினி விளையாட்டின் ஐந்தாம் பாகத்தை ஃபைவ்எம் மென்பொருள் வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் ரோல்பிளே சர்வர்கள் கொரோனா ஊரடங்குக் காலத்தில் கேரளத்தில் பெரிய அளவில் பரவின. டி.கே.ஆர்.பி. என்ற மலையாள சர்வரில் நடந்ததை யூடியூபில் தொடர்கதை போலப் பார்த்தவர்கள் ஏராளம். தமிழிலும் அப்படிச் சர்வர்கள் உண்டு. ஒருவர் போலீஸ், ஒருவர் மெக்கானிக், ஒருவர் தாதா. மாதக்கணக்கில் அதே பெயர், அதே பேச்சு, அதே பகை. இப்படி வளர்ந்த கேரக்டர் ஒருநாள் செத்துப்போனால் என்ன செய்வது? அதை ஆடியவர் சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளும் சின்னப் பிள்ளைகளின் கேள்விகள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. நம் பாட்டுக்காரர்கள் நூற்றாண்டுகளாக யோசித்து விடை வைத்திருக்கும் கேள்விகள்.

சாவைப் பற்றி முதலில் பார்ப்போம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்ற விளையாட்டில் வெறும் எழுத்துதான், படம் கிடையாது. அதில் சண்டையில் செத்தால் கேரக்டரே அழிந்துவிடும். வாரக்கணக்கில் சேர்த்த புள்ளிகள் எல்லாம் போய்விடும். பிறகு வந்த விளையாட்டுகள் சாவை மெதுவாக மென்மையாக்கின. 2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் செத்தவனின் ஆவி சுடுகாட்டிலிருந்து ஓடிப்போய்த் தன் உடலோடு சேர்ந்துகொள்ளும், ஆட்டம் தொடரும். காசு கட்டி ஆடுபவர்களின் உழைப்பை ஒரு நொடியில் பறிக்க எந்த நிறுவனம் துணியும்? ஆனால் சாவுக்கு விலையே இல்லாமல் போனதில் பலருக்கு அலுப்பு தட்டியது. அதே விளையாட்டுக்கு 2023-இல் 'ஹார்ட்கோர்' சர்வர்கள் அதிகாரபூர்வமாக வந்தன. அங்கே ஒருமுறை செத்தால் அந்தக் கேரக்டரின் கதை முடிந்தது.

ரோல்பிளே சர்வர்கள் இதற்கு நடுவில் ஒரு வழி கண்டன. அங்கே இரண்டு வகைச் சாவு. பி.கே. என்றால் அடிபட்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழிப்பது. எழுந்தவன் தன்னை வீழ்த்திய சம்பவத்தை மறந்துவிட வேண்டும்; பழிவாங்கப் போகக் கூடாது. இதைப் 'புது வாழ்வு விதி' என்கிறார்கள். சி.கே. என்றால் கேரக்டர் நிரந்தரமாக முடிந்துவிட்டது. பெரும்பாலும் அட்மின்கள் கூடிப் பேசித்தான் இதை அனுமதிப்பார்கள். நல்ல சர்வர்களில் அந்தக் கேரக்டரை ஆடுபவரின் சம்மதமும் கேட்கப்படும். அந்தச் சம்மதத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒருவர் மாதக்கணக்கில் உயிர் கொடுத்து வளர்த்த பாத்திரத்தை இன்னொருவர் தன் ஆத்திரத்துக்காகக் கொல்வது ஆட்டமல்ல, அத்துமீறல்.

நெய்யாற்றின்கரையிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஆற்றுகால் கோயிலில் இந்தக் கதைப்பாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கும்ப மாதத்துப் பத்து நாள் திருவிழாவில் ஏழாம் நாள் கோவலன் கொல்லப்படும் பகுதி பாடப்படுகிறது. அந்தத் துக்கத்துக்காக, அதிகாலையிலேயே திறக்கும் நடை அன்று காலை 7 மணிக்குத்தான் திறக்கிறது. கதைக்குள் ஒருவன் சாகிறான். கதைக்கு வெளியே கோயிலின் கதவு தாமதமாகத் திறக்கிறது. அதன் பிறகுதான் தேவி சிவனிடம் போய் வரம் பெற்றுக் கணவனை மீட்கிறாள். பாண்டியன் வதம் பாடி முடிந்த பிறகே லட்சக்கணக்கான பெண்களின் பொங்கல் அடுப்புகளில் தீ மூட்டப்படுகிறது.

இங்கேதான் விளையாட்டுகளின் மறுபிறப்புப் பொத்தானுக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. கோவலனும் திரும்பி வருகிறான். ஆனால் தானாக எழுந்து வருவதில்லை. ஒருத்தி அழுது, அலைந்து, கேட்டு வாங்கிக் கொண்டுவருகிறாள். செத்தது உண்மை என்று ஊர் ஏற்று, அதற்குரிய நேரத்தைக் கொடுத்த பிறகுதான் மீட்சி. சர்வர் நடத்துபவர்கள் ஒரு கேரக்டரை மீண்டும் கொண்டுவர நினைத்தால் தடை சொல்ல மாட்டேன். அந்த மீட்சிக்கு யாரோ ஒருவர் கதைக்குள் பாடுபட வேண்டும். குறைந்தது சில நாளாவது அவன் இல்லாத ஊராக அது இருக்க வேண்டும்.

கேரள எல்லைக்குத் தெற்கே குமரி மாவட்டத்தின் வில்லுப்பாட்டிலும் இதே அக்கறை. அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில், பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று பிரித்துப் பார்த்தார். அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்களின் கதையில், பாட்டு சாவை நெருங்கும் நேரம்தான் கொடை விழாவின் உச்சம். கோமரத்தாடியின் மேல் தெய்வம் வருவது அப்போதுதான். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் போரிட்டு விழுந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாட்டில், அவன் புறப்படும் முன் தாயும் மனைவியும் கெட்ட கனவுகளைச் சொல்லித் தடுக்கிறார்கள். கேட்பவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். இருந்தும் உட்கார்ந்து கேட்கிறார்கள். எதிர்பாராத சாவுதான் விறுவிறுப்பு என்று நம்பும் கதாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெரிந்தே நெருங்கும் சாவுக்கு மனத்தில் இன்னும் ஆழமாக இறங்கும் வலிமை உண்டு.

வேஷம் வேறு, ஆள் வேறு என்பதையும் இந்த மண் தெளிவாக வைத்திருக்கிறது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முடியேற்று என்ற சடங்கு நாடகத்தில், பத்ரகாளி வதைக்கும் அசுரனான தாரிகனின் தலை வெட்டப்படுவதைக் காட்ட, அவன் கிரீடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். அவ்வளவுதான். கிரீடம் போனதும் தாரிகன் செத்தான். ஆடியவர் முகத்துச் சாயத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். விளையாட்டில் தன் கேரக்டர் செத்ததற்காக ஒருவன் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தாலோ, கொன்றவனை நிஜத்தில் தேடி வசைபாடினாலோ, அங்கே இந்தக் கிரீடம் கழற்றும் கணம் இல்லாமல் போயிருக்கிறது என்று பொருள். சாவுக்காட்சி முடிந்ததும் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் தங்கள் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. எல்லாக் குழுக்களுக்கும் அது வேண்டும்.

அடுத்தது, ஆள் போய்விடுவது. சாவைவிட இது கடினம், ஏனென்றால் பெரும்பாலும் இது சொல்லாமல் நடக்கிறது. கல்ஃபில் வேலை கிடைத்தது, ஷிஃப்ட் நேரம் ஒத்துவரவில்லை; பரீட்சை; கல்யாணம்; அல்லது வெறும் சலிப்பு. நேற்றுவரை இருந்த போலீஸ்காரர் இன்று இல்லை. சில சமயம் ஆட்டக்களமே போய்விடுகிறது. 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30-இல் இந்தியாவில் சர்வர்கள் நின்றன. அதில் அறிமுகமாகி, செல்பேசி எண்கூட வாங்கிக்கொள்ளாமல் தினமும் குரலால் மட்டும் பழகியவர்கள் ஒருவரையொருவர் அப்படியே இழந்தார்கள்.

விட்டுப்போனவரின் கேரக்டரை என்ன செய்வது என்று தெரியாத குழுக்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றன. ஒன்று, ஆள் இல்லாத நேரத்தில் கேவலமாகக் கொன்றுவிடுவது. இன்னொன்று, வேறு யாரோ எடுத்து இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது. இரண்டுமே போனவரைக் காயப்படுத்தும், என்றாவது அவர் எட்டிப் பார்த்தால். கதைக்குள் அவனை எங்காவது அனுப்பிவைப்பதுதான் கண்ணியம். சி.வி. ராமன்பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு மலையாள நாவலான 'மார்த்தாண்டவர்மா'வில் பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு செத்துவிட்டான் என்று எல்லாரும் நம்பிய அனந்தபத்மநாபன், பைத்தியக்காரச் சான்னானாகவும் வேறு வேஷங்களிலும் திரிந்து, தக்க நேரத்தில் திரும்பி வருகிறான். நாவலுக்குப் பெயர் தந்த மன்னர் மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப்பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. தலைமறைவாகிப் பின் வெளிப்படும் கதைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. எந்த சர்வரும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

திரும்ப மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், விடை கொடுக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் வெட்டுண்டு கிடக்கும் கோவலன் கண்ணகி தழுவியதும் எழுந்து, அவள் முகம் வாடியிருப்பதைச் சொல்லி, கண்ணீரைத் துடைத்து, நீ இங்கே இரு என்று சொல்லிவிட்டு வானுலகம் போகிறான். கொலையுண்டவனுக்கும் போய்வருகிறேன் என்று சொல்ல ஒரு கணத்தைக் கொடுத்தார் இளங்கோ. முடிப்புரைத் திருவிழாவும் அப்படியே. காப்புக் கட்டி அம்மனைக் குடியிருத்திய பிறகு பாட்டு தொடங்குகிறது. காப்பை அவிழ்த்து, குருதி தர்ப்பணம் செய்து முடிக்கிறார்கள். அழைத்தவர்களே முறையாக அனுப்பியும் வைக்கிறார்கள்.

சொல்லாமல் நின்றவர் நிஜத்திலேயே இறந்துபோயிருக்கவும் கூடும். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயால் 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் அவர் பெயர் ஐபெலின். 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர். மகன் தனிமையில் வாழ்ந்து முடித்துவிட்டான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். மாட்ஸ் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும், பல நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. குழுவினர் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். ஆண்டுதோறும் விளையாட்டுக்குள் கூடி அவரை நினைவுகூர்கிறார்கள். குழு சேமித்து வைத்திருந்த உரையாடல் பதிவுகளைக் கொண்டு பெஞ்சமின் ரீ எடுத்த ஆவணப்படம் 2024-இல் வெளிவந்தது.

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இரவு முழுக்க ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அம்மாவிடமும் அண்ணனிடமும் ஒரு வேண்டுகோள். அவன் ஆடும் கேரக்டரின் பெயர் என்ன, குழுவின் பெயர் என்ன, அங்கே அவனுக்கு நெருக்கமானவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். சர்வர் நடத்தும் தம்பிகளே, சேரும் ஒவ்வொருவரிடமும் வீட்டில் யாராவது ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் இரண்டு வாரம் வராவிட்டால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, நலமா என்று கேளுங்கள்.